சறுக்கும் சக்கரத்துக்குக் கடிவாளம்

“அடுத்த வாரம் எல்எஸ்டி போடப் போறேன். காசு ரெடி.”

சித்தி மகன் கைப்பேசியில் சொன்னது அடுப்படி வரை கேட்டிருக்கிறது. சித்தி கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டார். சிங்கப்பூரில் அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் எந்தத் தாய்க்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். அது போதைப்பொருள் இல்லை, காரின் பின்பக்கம் பொருத்தும் இரும்புப் பாகம், ‘லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்’ என்பதன் சுருக்கம் என்று நாங்கள் இருவரும் விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: “அதைப் போட்டா பாதுகாப்பா, ஆபத்தா?”

கார் பிரியர்கள் பலர் தங்களையே கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. சக்கரத்தின் அலங்காரம் கண்ணில் படும், புகைபோக்கியின் உறுமல் காதில் விழும். இந்தப் பாகமோ காருக்கு அடியில், எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும். ஆனால், கார் எப்படித் திரும்புகிறது என்பதையே மாற்றக்கூடியது. சில ஆயிரம் வெள்ளி செலவழிப்பதற்கு முன்னால் அது என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மாட்டு வண்டிக்கு இல்லாத சிக்கல்

லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அருகருகே இருக்கின்றன. ‘கெர்பாவ்’ என்றால் மலாயில் எருமை. கால்நடை வணிகம் செழித்த வட்டாரம் என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி. தண்ணீர் சுமந்த மாட்டு வண்டிகளிலிருந்துதான் கிரேத்தா ஆயருக்கும் பெயர் வந்தது.

அந்த வண்டிகள் எவ்வளவு குறுகிய சந்திலும் சிரமமில்லாமல் திரும்பின. மாடு இழுக்கிறது, இரு சக்கரங்களும் அச்சில் தத்தம் போக்கில் உருள்கின்றன. திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் அதிகம் உருளும், உள்பக்கச் சக்கரம் குறைவாக உருளும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இயந்திரம் சக்கரத்தையே சுழற்றத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி உள்ள கார் ஒன்று சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் செங்கோணமாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடச் சுமார் 2.4 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டியிருந்தால் ஒன்று தரையில் தேய்ந்தே ஆக வேண்டும்.

இதற்கான தீர்வை 1827ல் பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக வடிவமைத்தார். அதுதான் டிஃபரன்ஷியல். நான்கைந்து பற்சக்கரங்களின் கூட்டு. இரு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் விசையைச் சமமாகப் பகிர்ந்து கொடுக்கும். ஆனால், வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடும். இன்று நாம் ஏறும் வாடகை கார், பேருந்து, லாரி எல்லாவற்றிலும் அதன் வாரிசு இருக்கிறது. தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளில் ‘கிரவுன், பினியன்’ என்று பேசிக்கொள்வது இந்தக் கூட்டைப் பற்றித்தான்.

சமமாகப் பங்கிடுவதில்தான் அதன் பலவீனமும் இருக்கிறது. ஒரு சக்கரம் ஈரமான இரும்பு மூடியின் மீதோ எண்ணெய்க் கறையின் மீதோ நிற்கிறது என்றால், அந்தச் சக்கரத்தைச் சுழற்ற மிகக் குறைந்த விசையே போதும். பங்கு சமம் என்பதால், காய்ந்த தரையில் நிற்கும் மற்ற சக்கரத்துக்கும் அதே குறைந்த விசைதான் கிடைக்கும். ஒன்று வீணாகச் சுற்றும், மற்றொன்று சும்மா நிற்கும். மழை நாளில் சந்திலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பும்போது உட்சக்கரம் ‘கிரீச்’ என்று சுற்றுவதைக் கேட்டிருப்பீர்கள். வளைவில் காரின் எடை வெளிப்பக்கம் சாய்வதால் உட்சக்கரம் இலேசாகிவிடுகிறது. சக்தி மிகுந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் இது இன்னும் அதிகம்.

நெல் வயலிலிருந்து பந்தயத்தடம் வரை

சேற்று வயலில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. பின்சக்கரம் ஒன்று சேற்றில் சுற்ற ஆரம்பித்தால் காலடியில் இருக்கும் ஒரு மிதியை அழுத்துவார்கள். இரு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், டிராக்டர் வெளியே வந்துவிடும். அது ‘டிஃப் லாக்’. மேடேறியதும் மிதியை விட்டுவிட வேண்டும். பூட்டிய நிலையில் டிராக்டர் திரும்ப மறுக்கும்.

காருக்குத் தேவைப்படுவது முழுப் பூட்டும் அல்ல, முழுச் சுதந்திரமும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. 1930களில் ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷ வடிவமைத்த பந்தயக் கார் அதிவேகத்திலும் ஒரு பின்சக்கரத்தை வீணாகச் சுழற்றியது. அவ்வளவு சக்தி. 1935ல் போர்ஷ, ஸெட்எஃப் என்ற ஜெர்மன் பற்சக்கர நிறுவனத்தை அணுகினார். சறுக்கலுக்கு வரம்பு கட்டும் டிஃபரன்ஷியல் அப்படித்தான் பந்தயத்தடத்துக்கு வந்தது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்துக் கைதட்டினோம். அந்த அணி ஓட்டிய போர்ஷ 911 ஜிடி3 கப் காரின் பின்பக்கத்திலும் இதே குடும்பத்துப் பாகம்தான் இருக்கிறது.

கடையில் விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை.

முதலாவது தட்டு வகை. வட்டத் தட்டுகளைத் தோசை அடுக்குவதுபோல் அடுக்கியிருப்பார்கள். ஒன்று விட்டு ஒன்று, பாதித் தட்டுகள் வெளிக்கூட்டோடும் மீதி சக்கரத்துக்குப் போகும் தண்டோடும் இணைந்திருக்கும். முடுக்கியை மிதிக்கும்போது தட்டுகள் நெருக்கப்பட்டு இரு சக்கரங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ‘ஒன் வே’ என்றால் முடுக்கும்போது மட்டும் பிடிக்கும். ‘டூ வே’ என்றால் வேகத்தைக் குறைக்கும்போதும் அதே அளவு பிடிக்கும். ‘ஒன் பாயிண்ட் ஃபைவ்’ இடைப்பட்டது. ஜப்பானின் கஸ்கோ, காஸ், ஓஎஸ் கிக்கன் போன்ற நிறுவனங்கள் இவற்றுக்குப் பெயர் போனவை. பிடி வலுவானது. ஆனால் தட்டுகள் தேயும், எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், நெருக்கமான திருப்பங்களில் ‘கடகட’வென்று சத்தம் வரும். வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மெதுவாக வளைந்து ஏறினாலே பக்கத்து வீட்டுக்காரர் “தம்பி, வண்டியில ஏதோ உடைஞ்சிருக்கு” என்பார்.

இரண்டாவது பற்சக்கர வகை. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958ல் காப்புரிமை பெற்ற ‘டார்சன்’ இந்த வகை. பிரிட்டனின் க்வைஃப் நிறுவனத் தயாரிப்பும் இதே இனம். சாய்ந்த பற்களின் உராய்வே பிடியைத் தருகிறது. சத்தம் இல்லை, தேய்மானம் மிகக் குறைவு. ஒரு குறையும் உண்டு. பிடி குறைந்த சக்கரத்தால் தாங்க முடிகிற விசையைச் சில மடங்காக்கி மறுபக்கம் கொடுப்பதுதான் அதன் வேலை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் விசை பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்ஜியம்தான்.

பட்டறை மேசையில்

சித்தி மகனிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டு இருக்கை, பின்சக்கர ஓட்டம், எல்எஸ்டி இல்லாத தானியக்க கியர் மாதிரி. முதல் பத்தாண்டு முடிந்து, வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்த கார். தினமும் வேலைக்கு ஓட்டுபவர் என்பதால் பற்சக்கர வகையைத் தேர்ந்தெடுத்தார். காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வேலை நடந்த நாளில் நானும் கூடப் போயிருந்தேன்.

கார் மேலே ஏறியது. பழைய எண்ணெய் வடிந்தது. இயந்திரத்திலிருந்து பின்பக்கம் வரும் நீண்ட தண்டு, சக்கரங்களுக்குப் போகும் இரு தண்டுகள், கியர்பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினியச் சட்டம் எல்லாம் கழன்ற பிறகுதான் அந்தக் கூடு கீழே இறங்கியது. முன்சக்கர ஓட்டக் காராக இருந்தால் கதையே வேறு. நம் ஊரில் அதிகம் பேர் ஆசையோடு மாற்றியமைக்கும் சுஸூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்றவற்றில் டிஃபரன்ஷியல் கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கும். கியர்பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும், கூலியும் ஏறும்.

உண்மையான வேலை மேசையில்தான் தொடங்கியது. பெரிய வளையப் பற்சக்கரத்தைப் பழைய கூட்டிலிருந்து கழற்றிப் புதிய எல்எஸ்டி மீது பொருத்த வேண்டும். ஒவ்வொரு மரையாணியையும் குறிப்பிட்ட இறுக்க அளவுக்கு, எதிரெதிர் வரிசையில் முடுக்க வேண்டும். பேரிங்குகளைப் புதிதாகப் போடுவது நல்லது. அதன் பிறகு, வளையப் பற்சக்கரமும் அதை ஓட்டும் சின்னப் பற்சக்கரமும் சந்திக்கும் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அது சுமார் 0.1 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன்.

முள் வைத்த அளவியை ஒரு பல்லின் மீது நிறுத்தி, பற்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து, அளந்து, திருத்தி, மறுபடியும் அளந்தார்கள். பிறகு பற்களில் மஞ்சள் பசை தடவிச் சுழற்றினார்கள். பற்கள் உரசிய இடத்தில் பசை விலகித் தடம் தெரிந்தது. தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்துக்குப் போனால் மறுபடியும் பிரிக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சூடேறிப் பல் கெடும். கூடினால் ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் ‘டக்’ என்று இடிக்கும். தடம் தவறினால் விரைவுச்சாலையில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கூடவே வரும்.

காலை 10 மணிக்கு ஏறிய கார் மாலையில்தான் இறங்கியது. பாகத்தின் விலையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். கூலி எதற்கு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. எல்எஸ்டி எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதைவிட, அந்த மஞ்சள் தடத்தைப் பொறுமையாகப் பார்க்கும் கண் முக்கியம்.

பாதுகாப்பா, ஆபத்தா?

மழை பெய்யும் காலைகளில் வானொலியில் விரைவுச்சாலை விபத்துத் தகவல்களை வாசிப்பது என் வேலையின் ஒரு பகுதி. அதனால் இந்தக் கேள்வியை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

எல்எஸ்டி புதிதாக எந்தப் பிடியையும் உண்டாக்குவதில்லை. பிடி டயரில் இருக்கிறது. தரைக்கும் காருக்கும் நடுவே இருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. அந்தப் பிடியை எந்தச் சக்கரம் எவ்வளவு பயன்படுத்த வேண்டும் என்று பகிர்ந்து கொடுப்பதோடு எல்எஸ்டியின் வேலை முடிந்துவிடுகிறது. பிடி இருக்கும்போது கார் வளைவிலிருந்து நேர்த்தியாக வெளியேறும், ஓட்டுநருக்கு நம்பிக்கை கூடும்.

பிடி தீர்ந்துபோகும் நேரத்தில்தான் வித்தியாசம் தெரியும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள பின்சக்கர ஓட்டக் காரில் பெரும்பாலும் உட்சக்கரம் மட்டும் சுற்றும். சுற்றாத வெளிச்சக்கரம் காரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். ஒருவகையில் அது ஓர் எச்சரிக்கை மணி. எல்எஸ்டி போட்ட காரில் ஈரச் சாலையில் அளவுக்கு மீறி மிதித்தால் இரு பின்சக்கரங்களும் ஒன்றாகப் பிடியை இழக்கலாம். அப்போது பின்பக்கம் சட்டென்று வெளியே வீசும். எல்லை சற்றுத் தள்ளிப்போகிறது. ஆனால், எல்லையைத் தாண்டினால் விழும் அடி பெரிது.

ஆக, நிதானமாக ஓட்டுபவருக்கு அது ஆபத்தும் இல்லை, பெரிய பாதுகாப்பும் இல்லை. மழையில் வீரம் காட்டுபவருக்கு அது நிச்சயம் ஆபத்து. பாதுகாப்புக்காகச் செலவழிக்கிறோம் என்பவர்கள் முதலில் நல்ல டயரையும் பிரேக்கையும் வாங்கட்டும். நம் சாலையில் டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். மழைக்கு அந்தக் குறைந்தபட்சம் போதாது. சித்தி மகனும் அந்த வரிசையில்தான் போனார்: முதலில் நான்கு டயர்கள், எட்டு மாதம் கழித்து எல்எஸ்டி.

இன்னொன்றும் உண்டு. இன்றைய புதிய கார்கள் பலவற்றில், சுற்றும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் கணினியே லேசாகப் பிடித்து, மற்ற சக்கரத்துக்கு விசையை அனுப்புகிறது. அன்றாட ஓட்டத்துக்கு அதுவே தாராளம். ஹோண்டா சிவிக் டைப் ஆர் போன்றவற்றில் எல்எஸ்டி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. இருப்பதற்கு மேல் இன்னொன்று வாங்கும் முன் உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சட்டமும் கடிகாரமும்

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்துள்ளது: அனுமதி தேவையில்லாதவை, முன்அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை. வரம்பு மீறினால் அபராதமும் சிறையும் விதிக்கப்படலாம். “எல்லாரும் போடுறாங்க” என்ற பட்டறைப் பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. காரின் மாதிரி, பொருத்தப்போகும் பாகம் இரண்டையும் குறிப்பிட்டு ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதே முறை. மூன்று வயது முதல் பத்து வயது வரை உள்ள கார்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பத்து வயதைத் தாண்டியவை ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். மறைத்துவைத்து ஓட்டுவது நிம்மதியான வாழ்க்கை அல்ல.

காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்ட மாற்றம், விபத்து நடந்த நாளில்தான் பூதமாகக் கிளம்பும். உத்தரவாதக் காலம் முடியாத காரில் கைவைத்தால் அந்தப் பகுதிக்கான உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம்.

வீட்டில் பெரியவர்கள் கேட்கும் பணக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. 1990ல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்ததிலிருந்து இங்கே ஒவ்வொரு காருக்கும் பத்தாண்டுக் கடிகாரம் ஓடுகிறது. 2023 அக்டோபரில் ‘பி’ பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. பத்தாண்டு முடிந்து புதுப்பிப்பவர்கள் ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ மறுபடியும் கட்ட வேண்டும். ஐந்தாண்டைத் தேர்ந்தெடுத்தால் அதோடு சரி, மீண்டும் புதுப்பிக்க முடியாது. இன்னும் இரண்டே ஆண்டு மிச்சமிருக்கும் காரில் சில ஆயிரம் வெள்ளிக்குப் பாகம் பொருத்துவது, வாடகை வீட்டுக்குப் பளிங்குத் தரை போடுவதைப் போன்றது. கழற்றி விற்கலாம்தான். ஆனால், அதே மாதிரிக் கார் வைத்திருப்பவர் கிடைக்க வேண்டும், கூலியும் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

எங்கே ஓட்டுவது?

நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். எல்எஸ்டி தன் முழுத் திறமையைக் காட்ட வேண்டிய இடம் அதுவல்ல. ஒரு காலத்தில் பொதுச்சாலையிலேயே பந்தயம் நடந்தது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையைச் சுற்றிக் கிராண்ட் பிரீ ஓடியது. ‘டெவில்ஸ் பெண்ட்’ என்று ஒரு வளைவுக்குப் பெயரே இருந்தது. ஓட்டுநர்கள் உயிரிழந்த தடம் அது. 2008ல் மரினா பே இரவுப் பந்தயம் வந்தபோது சாலைகளை மூடி, வேலி அமைத்துத்தான் கார்களை விட்டார்கள். சாங்கியில் நிரந்தரப் பந்தயத்தளம் அமைக்கும் திட்டம் 2012ல் கைவிடப்பட்டது.

ஆகவே இங்குள்ள கார் பிரியர்களுக்கு மிஞ்சுவது மலேசியா. 1999ல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத்தளத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தங்கள் காரை ஓட்டும் நாள்கள் அங்கு உண்டு. கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் தெரியும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாகச் செயல்படுத்தப்படுகிறது. பெரும்பாலான தனியார் கார் காப்புறுதிகள் பந்தயத்தளத்தில் நடப்பதற்குப் பொறுப்பேற்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

போடுவதற்கு முன்

• உங்கள் காரில் ஏற்கெனவே எல்எஸ்டி இருக்கிறதா என்று அதன் மாதிரி எண்ணைக் கொண்டு விற்பனையாளரிடம் கேளுங்கள்.

• தினசரி ஓட்டத்துக்குப் பற்சக்கர வகை. பந்தயத்தளமே நோக்கம் என்றால், சத்தத்தையும் பராமரிப்பையும் ஏற்றுக்கொண்டு தட்டு வகை.

• பற்களின் இடைவெளியை எந்தக் கருவியால் அளப்பார்கள், தடத்தைப் படமெடுத்துத் தருவார்களா என்று பட்டறையிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு பட்டறை பாருங்கள்.

• தயாரிப்பாளர் குறிப்பிடும் எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள். தட்டு வகையைத் தொடக்கத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டிப் பழக்கி, விரைவில் எண்ணெயை மாற்றச் சொல்வார்கள். அதற்குப் பொதுக் கார் நிறுத்துமிடத்தைப் பயன்படுத்தாதீர்கள். அனுமதி உள்ள இடம் வேண்டும்.

• கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, பத்திரமாக வையுங்கள். காரை விற்கும்போதோ பழைய நிலைக்குத் திருப்பும்போதோ தேவைப்படும்.

• பொருத்திய பிறகு வரும் முதல் மழை நாளில், கார் உங்களுக்குப் புதிது என்று நினைத்து ஓட்டுங்கள். வளைவுக்குள் மெதுவாக நுழைந்து, சக்கரம் நேரான பிறகு மிதியுங்கள். டிஃபரன்ஷியல் எதுவாக இருந்தாலும் இந்தப் பழக்கத்துக்குச் செலவு ஒரு காசும் இல்லை.